மெல்பர்னில் இறந்த ஸ்காட்லாந்துக் கொத்தனார்: அப்பா ஜேம்ஸா, ஜானா?

மெல்பர்ன் மருமகள்:

என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுடைய அப்பா ராபர்ட். ஸ்காட்லாந்தில் பிறந்து 1850-களில் மெல்பர்னுக்கு வந்த கல் கொத்தனார். அவருடைய பெற்றோர் யார் என்பதை உறுதி செய்ய முடியாமல் இருக்கிறேன். குடும்பப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று மாமனார் கேட்டுக்கொண்டார். மிகச் சாதாரணமான பெயர், எடின்பரோவில் தேடினால் பக்கம் பக்கமாக வரும்.

கையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டும் விக்டோரியா மாநிலப் பதிவுகள்.

முதலாவது, 1858-இல் மெல்பர்னில் நடந்த திருமணத்தின் சான்று. வயது 27. பிறந்த இடம் எடின்பரோவுக்கு மேற்கே உள்ள லின்லித்கோஷயர் மாவட்டம். தந்தை ஜேம்ஸ், கல்குவாரித் தொழிலாளி. தாய் மார்கரெட், அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் எழுதியிருக்கிறது, அது கொஞ்சம் அரிதான பெயர்.

இரண்டாவது, 1880-களில் பதிவான இறப்புச் சான்று. பிறந்த இடம் எடின்பரோ. தந்தை ஜான், கட்டட ஒப்பந்தக்காரர். தாயின் பெயர் தெரியாது என்று இருக்கிறது. தகவல் கொடுத்தவர் மூத்த மகளின் கணவர்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் வம்சாவளி மரங்களில் ராபர்ட்டை எடின்பரோவில் இருந்த, அதே குடும்பப் பெயர் கொண்ட ஜான் என்னும் ஒப்பந்தக்காரரின் மகனாக இணைத்திருக்கிறார்கள். 1830-இல் செயின்ட் கத்பர்ட் பாரிஷில் (தேவாலய வட்டாரத்தில்) ஞானஸ்நானம் பெற்ற ராபர்ட் ஒருவரும் அந்த வீட்டில் இருக்கிறார். தாயின் பெயர் மட்டும் மார்கரெட் இல்லை.

ராபர்ட்டின் பிள்ளைகள்: மூத்தவன் ஜேம்ஸ். அப்புறம் மனைவியின் தாய் பெயரில் ஒரு பெண், மனைவியின் தந்தை பெயரில் ஒரு பையன், அடுத்து மார்கரெட், கடைசியாக ஜான். கடைசிப் பையனுக்கு மட்டும் ஒரு நடுப்பெயர் இருக்கிறது. அது யாருடைய குடும்பப் பெயர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

என் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்து வழியில் ஐந்து தலைமுறைப் பெயர் சொல்லத் தெரியும். அப்பா வழியையும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பழம்பதிவு:

நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள் சகோதரி. ராபர்ட் இங்கிலாந்தில் மணந்து இறந்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது. அந்தக் காலத்து இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தந்தையின் பெயரும் தொழிலும் மட்டும்தான் இருக்கும், இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே இருக்காது. விக்டோரியாவில் 1853 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு வந்தது. அன்றிலிருந்தே இரண்டு பெற்றோரையும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும், தந்தையின் தொழிலையும் கேட்டு எழுதினார்கள்.

இரண்டு தாள்களுக்கும் ஒரே மதிப்பு கொடுக்காதீர்கள். திருமணத்தன்று பேசியவர் ராபர்ட். தன் அம்மா பெயரை அவரே சொல்லியிருக்கிறார். இறப்பன்று பேசியவர் மருமகன். அவர் மாமனாரின் ஊரைப் பார்த்தவரும் இல்லை, மாமனாரின் தாய் தந்தையைப் பார்த்தவரும் இல்லை. வீட்டில் எப்போதோ காதில் விழுந்ததைச் சொல்லியிருப்பார். எடின்பரோ என்றதும் அப்படித்தான்; வெளிநாட்டில் இருப்பவர்கள் பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்வது வழக்கம்.

ஆனால் மருமகன் ஜான் என்ற பெயரைக் காற்றில் இருந்து பிடித்திருக்க மாட்டார். அந்த வீட்டில் ஜான் என்ற ஒருவரைப் பற்றிப் பேச்சு இருந்திருக்கிறது. அவர் யார் என்பதுதான் கேள்வி.

டொராண்டோ தம்பி:

அக்கா, உங்கள் கணவர் ராபர்ட்டுக்கு நேர் ஆண்வழி வாரிசா? ஆம் என்றால் டிஎன்ஏ பரிசோதனைதான் சுருக்கு வழி. எடின்பரோ ஜானின் வழியில் யாராவது பரிசோதனை செய்திருந்தால் தெரிந்துவிடும்.

லோதியன் வாசி:

நான் இருப்பது லின்லித்கோவுக்குப் பக்கத்தில். இந்த வட்டாரத்துப் பழைய பதிவுகளோடு நீண்ட நாள் பழக்கம் உண்டு.

தம்பி சொன்னதில் ஒரு தடை இருக்கிறது. சாதாரண டிஎன்ஏ பரிசோதனை இந்தத் தொலைவில் மெலிந்துபோகும். கொள்ளுத்தாத்தாவின் அப்பாவிடமிருந்து ஒருவருக்கு வருவது சராசரியாக 6.25 சதவீதம். அவருடைய அண்ணன் தம்பி வழியில் இன்று இருப்பவர்கள் இன்னும் ஒரு படி தள்ளி. அந்த உறவில் ஒன்றும் பொருந்தாமல் போவதும் சகஜம். பொருந்தவில்லை என்பதை வைத்து உறவு இல்லை என்று சொல்லவே முடியாது. ஆண்வழியில் மட்டும் இறங்கும் வொய் குரோமோசோம் பரிசோதனை வேறு, அது பயன்படும். ஆனால் யாரோடு ஒப்பிடுவது என்று தெரிய முதலில் காகிதம் வேண்டும்.

காகிதத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. ராபர்ட் பிறந்தது அதற்கு முன்னால், திருமணமும் இறப்பும் கடல் கடந்து. ஆக, ஸ்காட்லாந்து அரசுப் பதிவில் ராபர்ட் ஒரு வரிகூட இருக்கப் போவதில்லை. இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து, பாரிஷ் பதிவேட்டில் வயது ஒத்துவரும் ஒரு குழந்தையை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த மரங்கள் அப்படி வந்தவைதான். ஒருவர் ஒட்டினார், மற்றவர்கள் நகல் எடுத்தார்கள். எத்தனை மரத்தில் இருந்தாலும் அது ஒரே சாட்சிதான்.

ராபர்ட்டைத் தேட வேண்டாம். அவருடைய அம்மாவைத் தேடுங்கள்.

ஸ்காட்லாந்தில் பெண்கள் மணமான பிறகும் சட்டப் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பதிவின் அகரவரிசையில் கணவர் வீட்டுப் பெயரிலும் வருவார்கள், பிறந்த வீட்டுப் பெயரிலும் வருவார்கள். இரண்டு முறை மணமானவர் என்றால் மூன்று இடத்தில். உங்களிடம் அரிதான பெயர் கொண்ட மார்கரெட் இருக்கிறார். அவர் 1855-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் இறந்திருந்தால் ஸ்காட்லாந்தின் அரசுப் பதிவுத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் கிடைப்பார். லின்லித்கோஷயர், எடின்பரோ இரண்டிலும் பாருங்கள்.

1855-ஆம் ஆண்டுப் பதிவு என்றால் உங்களுக்கு யோகம். அந்த ஒரு வருடம் மட்டும் இறந்தவரின் பிள்ளைகள் அத்தனை பேரையும் வயதோடு எழுதினார்கள். பதிவாளர்களால் தாங்க முடியவில்லை என்று அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். 1856 முதல் 1860 வரை கணவர், மனைவி பெயர்கூடக் கிடையாது. 1861-இல் அது திரும்ப வந்தது. பெற்றோர் பெயர் மட்டும் எல்லா ஆண்டும் உண்டு.

இன்னொன்று, பிள்ளைகளின் பெயர் வரிசை. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாவது பெண்ணுக்குத் தந்தையின் தாய் பெயர் என்பது இங்கே பழைய வழக்கம். உங்கள் பட்டியல் அப்படியே வருகிறது: ஜேம்ஸ், மார்கரெட். எடின்பரோ ஜான்தான் தந்தை என்றால் மூத்தவன் ஜானாக இருந்திருக்க வேண்டும். கடைசிப் பையனின் நடுப்பெயரைக் குறித்து வையுங்கள். இங்கே நடுப்பெயர் சும்மா வைப்பதில்லை.

பழம்பதிவு:

பெயர் வரிசையை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அது வழக்கம், சட்டம் இல்லை. குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள், பாதிரியார் பெயரை வைப்பார்கள், முதலாளி பெயரை வைப்பார்கள். வழிகாட்டப் பயன்படும், சாட்சியாக நிற்காது.

கல்லும் சுண்ணாம்பும்:

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வம்சாவளி தெரியாது, கல் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

லின்லித்கோஷயரில் உப்ஹாலுக்குப் பக்கத்தில் பின்னி என்ற குவாரி இருந்தது. எடின்பரோவில் 1840-களில் எழுந்த ஸ்காட் நினைவுக் கோபுரம் அந்தக் கல்தான். எடின்பரோவின் புதுநகரத்துக்குப் பெரும்பகுதிக் கல் கிரெய்க்லீத் குவாரியிலிருந்து வந்தது. இவை எல்லாம் மணற்கல். கட்டடத்துக்கு அற்புதமான கல், செதுக்குகிறவன் நெஞ்சுக்கு எமன். குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்து, இன்று சிலிகோசிஸ் என்று நாம் சொல்லும் நோய் வரும். எடின்பரோ மருத்துவர் வில்லியம் புல்ட்னி அலிசன் 1820-களிலேயே இதைக் கவனித்து எழுதினார். தொடர்ந்து கல் செதுக்கும் கொத்தனார்களில் ஐம்பது வயதை நோயின்றித் தொட்டவர்கள் மிகக் குறைவு என்பது அவர் கண்டது. மூடிய கொட்டகைக்குள் செதுக்கியவர்களுக்கு இன்னும் மோசம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குவாரியில் வேலை பார்த்த ஜேம்ஸ் முப்பது முப்பத்தைந்து வயதில் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கைக்குழந்தையோடு நிற்கும் விதவைக்கு அந்தக் காலத்தில் பெரிய வழி எதுவும் இல்லை, மறுமணம்தான். அதுவும் பெரும்பாலும் அதே தொழில் வட்டத்துக்குள். ஜேம்ஸ், ஜான் இருவருமே உண்மையான மனிதர்களாக இருக்கலாம் அம்மா. ஒருவர் பெற்றவர், ஒருவர் வளர்த்தவர்.

அந்த வட்டாரத்தில் 1838-க்கும் 1842-க்கும் இடையில் எடின்பரோ கிளாஸ்கோ ரயில் பாதை போட்டார்கள். ஆல்மண்ட் பள்ளத்தாக்குப் பாலம் மட்டும் 36 வளைவுகள், அத்தனையும் கல். அத்தனை கொத்தனார்களும் எங்கெங்கிருந்தோ வந்து தங்கி வேலை செய்தவர்கள். 1841 கணக்கெடுப்பில் அந்தக் கூட்டம் அங்கேதான் இருந்திருக்கும்.

லோதியன் வாசி:

ஐயா சொன்னது எனக்குத் தோன்றாத கோணம், மிக்க நன்றி. அப்படியானால் 1841 கணக்கெடுப்பில் குடும்பப் பெயரை வைத்து வீட்டைத் தேடாதீர்கள் அக்கா. ராபர்ட் என்ற பத்து வயதுப் பையனை மட்டும் தேடுங்கள், அவன் யார் வீட்டில் இருந்தாலும் சரி.

1841-இல் சில தடைகள் உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். குழந்தைகளின் வயது அப்படியே இருக்கும். வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவே இல்லை. பிறந்த ஊரும் இல்லை, இந்த மாவட்டமா இல்லையா என்று மட்டும்தான். அதனால் அங்கே கிடைப்பதைக் கொண்டு 1851-க்குப் போங்கள். 1851-இல் உறவும் உண்டு, பிறந்த பாரிஷும் உண்டு. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் என்றால் எத்தனை பேர் என்றும் எழுதியிருப்பார்கள்.

டொராண்டோ தம்பி:

ராபர்ட் கப்பலில் வந்த பட்டியலில் பிறந்த ஊர் இருக்காதா அண்ணா?

பழம்பதிவு:

அரசு உதவியோடு வந்தவர் என்றால் இருக்கலாம். சொந்த மாவட்டம், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கேட்டிருக்கிறார்கள். சொந்தக் காசில் வந்தவர் என்றால் பெயர், வயது, தொழில், அவ்வளவுதான். 1851-இல் தங்கம் கிடைத்த பிறகு வந்த கூட்டத்தில் பலர் சொந்தக் காசில் வந்தவர்கள். விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தில் இரண்டு பட்டியலையும் இணையத்திலேயே தேடலாம். அதே பெயர், அதே வயது கொண்டவர்கள் பலர் வந்திருப்பார்கள், அதனால் பெற்றோரைக் கண்டுபிடிக்க அது உதவும் என்று நான் நம்பவில்லை.

அந்தக் காலத்து மெல்பர்ன் கொத்தனார் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1856 ஏப்ரல் 21 அன்று பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கல் கொத்தனார்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி நடந்தார்கள். எட்டு மணி நேர வேலை, சம்பளக் குறைப்பு இல்லாமல், கிடைத்தது. முன்னின்றவர்களில் ஜேம்ஸ் காலவே ஃபைஃப் பகுதியில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். உங்கள் ராபர்ட் அப்போது மெல்பர்னில் இருந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல அதுவும் ஒரு நல்ல கதை.

மெல்பர்ன் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே தேடினேன். கை நடுங்குகிறது, கிடைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

1841, லின்லித்கோஷயர். ஜான், கொத்தனார், வயது 35. மார்கரெட், 30. ராபர்ட், 10, எங்கள் குடும்பப் பெயரோடு. கீழே இரண்டு சின்னக் குழந்தைகள், ஜானுடைய குடும்பப் பெயரோடு. அந்தப் பெயர்தான் கடைசிப் பையனின் நடுப்பெயர்!

1851, எடின்பரோ. அதே ஜான், இப்போது கட்டட ஒப்பந்தக்காரர், வேலைக்கு ஆட்கள் வைத்திருக்கிறார். மார்கரெட் மனைவி. ராபர்ட், 20, கொத்தனார், மணமாகாதவர், உறவுப் பத்தியில் மனைவியின் மகன் என்று இருக்கிறது. பிறந்தது உப்ஹால்.

மார்கரெட்டை அவருடைய பிறந்த வீட்டுப் பெயரிலேயே கண்டுபிடித்தேன். 1863-இல் எடின்பரோவில் இறந்திருக்கிறார். முதலில் ஜேம்ஸ், குவாரித் தொழிலாளி, பிறகு ஜான், ஒப்பந்தக்காரர், இருவரையும் மணந்தவர் என்று பதிவில் இருக்கிறது. அவருடைய தாய் தந்தை பெயரும் இருக்கிறது. தகவல் கொடுத்தவர் ஜானின் குடும்பப் பெயர் கொண்ட மகன்.

கல்லும் சுண்ணாம்பும் ஐயா, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். ஜான் என்ற பெயர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வருவதற்குக் காரணம் இதுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்லும் சுண்ணாம்பும்:

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஒன்று கவனியுங்கள். தொழில் கற்றுக்கொடுத்தது ஜானாகத்தான் இருக்க வேண்டும். கொத்தனார் வேலைக்குப் பல வருடப் பயிற்சி வேண்டும், பெற்ற தந்தை அதற்கு முன்பே போய்விட்டார். இருபது வயதில் முழுக் கொத்தனார் என்று எழுதும் அளவுக்கு அவரை ஆளாக்கியவர் அந்த வீட்டுக்காரர். மெல்பர்னில் ராபர்ட் தன் பையனுக்கு முழுப் பெயரையும் வைத்ததில் அந்த நன்றி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பழம்பதிவு:

நானும் மகிழ்கிறேன். ஆனாலும் பூட்டுப் போடுவதற்கு முன் கேட்டாக வேண்டிய ஒன்று: 1851-இல் எடின்பரோவில் இருந்த ராபர்ட்டும் 1858-இல் மெல்பர்னில் மணந்த ராபர்ட்டும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? அந்த எடின்பரோ ராபர்ட் 1861-இல் கிளாஸ்கோவில் மனைவி மக்களோடு இருந்தால் எல்லாம் கலைந்துவிடும். கூடவே, மற்ற மரங்களில் இருக்கும் செயின்ட் கத்பர்ட் ராபர்ட் என்ன ஆனார் என்பதையும் பாருங்கள். ஒருவரைச் சேர்ப்பதற்குப் பாதி வேலை, மற்றவரை விலக்குவதற்கு மீதிப் பாதி.

லோதியன் வாசி:

சரியான கேள்வி. விலக்குவதற்கு வழி: ஸ்காட்லாந்தில் 1855-க்குப் பிறகு இறந்தவர் ஒவ்வொருவரின் பதிவிலும் பெற்றோர் பெயர் இருப்பதால், செயின்ட் கத்பர்ட் ராபர்ட் இங்கேயே இறந்திருந்தால் அவரே தன் தாய் தந்தையைச் சொல்லிவிடுவார். எடின்பரோ முகவரிப் புத்தகங்களையும் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரர்கள் வருடா வருடம் அதில் வருவார்கள், தொழிலை மகன் எடுத்துக்கொண்டால் அதுவும் தெரியும். 1855 முதல் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களும் உண்டு, வீட்டுக்கு யார் உரிமையாளர், யார் குடியிருந்தார் என்று இருக்கும்.

மெல்பர்ன் மருமகள்:

செயின்ட் கத்பர்ட் ராபர்ட் கிடைத்துவிட்டார். ஊரைவிட்டே போகவில்லை. 1861-இல் எடின்பரோவில் தச்சு வேலை செய்கிறார், மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1870-களில் அங்கேயே இறந்திருக்கிறார். பதிவில் தந்தை ஜான், கட்டட ஒப்பந்தக்காரர், தாயின் பெயரும் அந்த ஞானஸ்நானப் பதிவில் இருப்பதேதான். ஆகவே அவர் மெல்பர்னில் இறந்திருக்க வழியில்லை.

எங்கள் ராபர்ட்டை 1861 ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பில் உப்ஹாலில் பிறந்தவர் என்று தேடினேன், இல்லை. 1851-க்குப் பிறகு அங்கே அவர் தடமே தென்படவில்லை.

பழம்பதிவு:

அப்படியானால் எனக்குத் தடை இல்லை. தாயின் அரிய பெயர் திருமணச் சான்றில் அவர் வாயாலேயே வந்தது. தந்தையின் பெயரும் தொழிலும் தாயின் இறப்புப் பதிவோடு ஒத்துப்போகின்றன, அந்தத் தகவலைக் கொடுத்தது எடின்பரோவில் இருந்த வேறு ஒரு ஆள். நடுப்பெயர் மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயர். போட்டிக்கு நின்றவர் விலகிவிட்டார். மருமகன் சொன்ன ஜானுக்கு மெல்பர்ன் பதிவாளர் மாமனாரின் குடும்பப் பெயரையே போட்டுவிட்டதால்தான் இத்தனை மரங்களும் தவறான வீட்டுக்குப் போயிருக்கின்றன. அந்த மரங்களை வைத்திருப்பவர்களுக்கு மார்கரெட்டின் 1863 பதிவை அனுப்பி எழுதுங்கள். மரியாதையாகக் கேட்டால் பலர் திருத்துவார்கள்.

டொராண்டோ தம்பி:

அண்ணா, இப்போது ஒப்பிட ஆள் தெரிந்துவிட்டது அல்லவா? அக்காவின் கணவர் வொய் பரிசோதனை செய்தால், ஜேம்ஸின் குடும்பப் பெயர் உள்ளவர்களோடு பொருந்துகிறதா, ஜானின் குடும்பப் பெயர் உள்ளவர்களோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். மார்கரெட் மறுமணம் செய்வதற்கு முன்பே ராபர்ட் ஜானுக்குப் பிறந்திருக்கலாம் என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் கிடைக்கும்.

லோதியன் வாசி:

இப்போது செய்வதில் அர்த்தம் உண்டு தம்பி. அந்தச் சந்தேகத்துக்கு வேறு எந்தத் தாளும் முழுப் பதில் தராது.

அக்கா, இன்னும் இரண்டு பாக்கி இருக்கின்றன. ராபர்ட்டின் ஞானஸ்நானம் உப்ஹால் பாரிஷ் பதிவேட்டில் இருக்கிறதா?

மெல்பர்ன் மருமகள்:

இல்லை அண்ணா. 1828 முதல் 1834 வரை பார்த்தேன். ஜேம்ஸுக்கும் மார்கரெட்டுக்கும் நடந்த திருமணமும் இல்லை. மார்கரெட் ஜானை மணந்தது மட்டும் 1835-இல் இருக்கிறது, ஜேம்ஸின் விதவை என்ற குறிப்போடு.

லோதியன் வாசி:

விதவை என்று பாதிரியாரே எழுதியிருக்கிறார் என்றால் ஜேம்ஸோடு நடந்ததை ஊர் திருமணமாகவே ஏற்றிருக்கிறது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பாதிரியார் இல்லாமல், சாட்சிகள் முன் இருவரும் கணவன் மனைவி என்று அறிவித்தாலே திருமணம் செல்லும். 1940 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படி நடந்தவை பல பாரிஷ் பதிவேட்டில் ஏறவே இல்லை.

ஞானஸ்நானம் இல்லாததற்கு இன்னும் எளிய காரணம் இருக்கலாம். பாரிஷ் பதிவேடு ஸ்காட்லாந்துத் தேசிய சபையுடையது. 1733-இல் பிரிந்துபோன செசஷன் சபைக்காரர்களும், 1761-இல் பிரிந்த ரிலீஃப் சபைக்காரர்களும் தங்கள் குழந்தைகளைத் தங்கள் சபையிலேயே பதிந்தார்கள். கைத்தொழில் செய்தவர்களில் அந்தச் சபைகளைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். 1843-இல் தேசிய சபையில் நடந்த பெரும் பிளவு ராபர்ட்டுக்கு அப்புறம், அதை விட்டுவிடுங்கள். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் இப்படிப் பிரிந்த பிற பிரஸ்பிட்டேரியன் சபைகளின் ஞானஸ்நானத்துக்குத் தனித் தேடல் இருக்கிறது, லின்லித்கோவைச் சுற்றி எல்லாவற்றையும் பாருங்கள். விடுபட்ட பதிவுகளின் ஏடு என்று ஒன்றும் உண்டு. 1801-க்கும் 1854-க்கும் இடையில் பதியாமல் போனதைப் பின்னால் சாட்சி சொல்லிப் பதிந்தது அதில் இருக்கும்.

அப்புறம் சபை மூப்பர் கூட்டக் குறிப்புகள். 2021 முதல் அந்த ஏடுகளை அதே தளத்தில் வீட்டிலிருந்தே படமாகப் பார்க்கலாம். முறையாக மணம் செய்யாதவர்களைக் கூப்பிட்டு விசாரித்தது, எப்போது எங்கே யார் முன் மணந்தார்கள் என்று கேட்டது, ஏழை விதவைக்கு மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். ஜேம்ஸ் இறந்தது 1831-க்கும் 1835-க்கும் நடுவில். மார்கரெட்டுக்குச் சபை உதவி கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்தில் ஜேம்ஸ் இறந்த மாதமே கிடைத்துவிடும். பெயர் வைத்துத் தேட முடியாது, பக்கம் பக்கமாகத்தான் படிக்க வேண்டும்.

மெல்பர்ன் மருமகள்:

ஜேம்ஸின் பெற்றோரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா அண்ணா? அவர் 1855-க்கு வெகு முன்னால் போய்விட்டாரே.

லோதியன் வாசி:

மார்கரெட்டுக்குச் செய்ததையே செய்ய வேண்டும். ஜேம்ஸின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது 1855-க்குப் பிறகு இறந்திருந்தால் அந்தப் பதிவில் பெற்றோர் இருப்பார்கள். உப்ஹாலிலும் சுற்றுப்பட்ட பாரிஷ்களிலும் அந்தக் குடும்பப் பெயரில் குவாரித் தொழிலாளியாக 1841-இல் இருந்தவர்களை முதலில் பட்டியல் எடுங்கள். பெயர் சாதாரணமானதாக இருந்தாலும் குவாரி என்ற சல்லடையில் சலித்தால் சில வீடுகள்தான் மிஞ்சும்.

உப்ஹால் மூப்பர் குறிப்புகளில் 1831 முதல் 1835 வரை உள்ள பக்கங்களை முதலில் எடுங்கள். அந்தக் காலத்துக் கையெழுத்து பழகும்வரை கண்ணைக் கட்டும். முதல் சில பக்கங்களை இங்கே போடுங்கள், வரி வரியாகப் படித்து எழுதித் தருகிறேன். எழுத்து பிடிபட்டுவிட்டால் மீதியை நீங்களே படித்துவிடுவீர்கள்.

மெல்பர்ன் மருமகள்:

1832 ஏட்டைத் திறந்துவிட்டேன் அண்ணா. இரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன், இரண்டாவது பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஜேம்ஸ் என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிகிறது. என் கணவர் வொய் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டார்.